பானை ஓட்டில் ஒரு பெயர்

புதுச்சேரி நகரத்துக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டைத் தொடுவதற்கு முன்னால் பிள்ளைச்சாவடி வருகிறது. சாலையின் ஒரு பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் வளாகம். மறுபக்கம் மீனவர் குடியிருப்பு, அதற்கப்பால் கடல். படிப்பு என்றாலே புத்தகம், தேர்வு, சான்றிதழ் என்று பழகிவிட்ட நமக்கு, இந்தச் சாலையின் கடல் பக்கத்தில் இன்னொரு வகைப் படிப்பும் நடக்கிறது என்பது எளிதில் உறைப்பதில்லை. வாடை அடித்தால் என்ன செய்ய வேண்டும், கொண்டல் எப்போது மாறும், கச்சான் காற்றில் எந்த மீன் எந்தப் பக்கம் போகும், நீரோட்டம் வலையை எங்கே இழுக்கும் என்பதையெல்லாம் அப்பன் மகனுக்குச் சொல்லித்தான் கொடுக்கிறான். கடலுக்குள் கையில் ஏடு கிடையாது. கேட்டதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மனித மொழி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை இப்படித்தான் கழித்திருக்கிறது. நம்மைப் போன்ற உடலமைப்புள்ள மனிதர்கள் தோன்றி ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகள் ஆகின்றன. எழுத்துக்கு வயது 5,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல். மீதிக் காலம் முழுவதும் வேட்டை, விதைப்பு, தாலாட்டு, வழக்கு, வைத்தியம் எல்லாமே வாயிலும் காதிலும்தான் இருந்தன.

அந்தப் பேச்சு எப்போது தொடங்கியது? எலும்பு மண்ணில் கிடக்கும், கல் கோடரி கிடக்கும், சொல் கிடக்காது. அதனால்தான் 1866-இல் பாரிஸ் மொழியியல் கழகம், மொழியின் தோற்றம் பற்றிய கட்டுரைகளை இனி ஏற்பதில்லை என்று தன் விதிகளிலேயே எழுதி வைத்தது. ஆளுக்கொரு ஊகமாக வந்து குவிந்த சலிப்பு அது. பறவைகளின் ஒலியைக் கேட்டுச் சொல் பிறந்தது என்றார் ஒருவர், வலியில் எழுந்த கூவலிலிருந்து பிறந்தது என்றார் இன்னொருவர். எதற்கும் சான்று இல்லை.

இன்று சான்றுகள் சுற்றுவழியில் வருகின்றன. இஸ்ரேலின் கெபாரா குகையில் 1983-இல் ஒரு நியாண்டர்தால் மனிதனின் நாவடி எலும்பு கிடைத்தது. 60,000 ஆண்டு பழமையான அந்த எலும்பு நம்முடையதைப் போலவே இருந்தது. பேச்சோடு தொடர்புள்ள ஃபாக்ஸ்பி2 என்னும் மரபணுவை 2001-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதில் பழுது ஏற்பட்ட ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பேச்சுத் தடுமாற்றம் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் 70,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காவிக்கல்லில் யாரோ குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி வைத்திருக்கிறார்கள். கோட்டுக்குப் பொருள் வைக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லுக்குப் பொருள் வைக்கவும் தெரிந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

இவற்றையெல்லாம் விட வலுவான சான்று, உயிரோடு இருக்கும் குழந்தைகளிடம் கிடைத்தது. மத்திய அமெரிக்காவின் நிகரகுவா நாட்டில் 1970-களின் இறுதிவரை காது கேளாத குழந்தைகள் தத்தம் வீட்டில் தனித்தனியே கிடந்தார்கள். 1977-க்குப் பிறகு தலைநகர் மனாகுவாவில் அவர்களுக்கென்று பள்ளிகள் வந்தன. ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிஷ் மொழியையும் கற்பிக்க முயன்றார்கள். அது பலிக்கவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் பிள்ளைகள் தங்களுக்குள் கைஜாடை பரிமாறிக்கொண்டார்கள். அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அந்த ஜாடைகளை எடுத்து, ஒழுங்குபடுத்தி, இலக்கணம் உள்ள ஒரு முழு மொழியாகவே ஆக்கிவிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கூடிப் பழக நாலு பிள்ளைகள் இருந்தால் போதும், மொழி வந்துவிடும் என்பதை உலகம் கண்ணால் கண்டது அங்கேதான்.

பிள்ளைச்சாவடியிலும் பாகூரிலும் வில்லியனூரிலும் ஒரு குழந்தை ஒரு வயதில் முதல் சொல்லைச் சொல்லி, மூன்று வயதில் வாக்கியம் பேசி, நான்கு வயதில் வாதாடுகிறது. அதற்குக் கட்டணமும் இல்லை, வகுப்பும் இல்லை. அதே குழந்தைக்கு 'அ' எழுத வர வேண்டுமென்றால் யாராவது கையைப் பிடிக்க வேண்டும். பேச்சு எல்லார்க்கும் பொது. எழுத்து, கற்றுக்கொடுக்கப்பட்டவர்க்கு மட்டுமே. எழுத்தின் வரலாற்றைத் தோண்டினால் உள்ளே கிடைப்பது, எந்தக் காலத்தில் யாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்ற வரலாறுதான். அதைப் பார்க்கப் புதுச்சேரிக் கிராமங்களைப் போல நல்ல இடம் குறைவு.

உலகில் எழுத்து தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்ட இடங்கள் மிகச் சில. இன்றைய ஈராக்கின் உருக் நகரில் கி.மு. 3300 வாக்கில் களிமண் பலகையில் வாற்கோதுமையும் ஆடும் கணக்கெழுதப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் எகிப்திலும், பின்னர் சீனத்திலும், நடு அமெரிக்காவிலும் எழுத்து பிறந்தது. சிந்துவெளிக் குறியீடுகள் எழுதப்பட்ட பொருள்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தும் இன்னும் படிக்கப்படவில்லை. அவற்றைப் படித்துக் காட்டுவோர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. உருக்கில் எழுத்து தொடங்கியது கவிதைக்காக இல்லை. யாருக்கு எவ்வளவு, எது யாருடையது என்று குறித்து வைக்கத்தான்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயந்தோப்பை ஒட்டி இருக்கிறது அரிக்கமேடு. வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி, 1769-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இங்கு பழைய செங்கல் சுவர்களும் கிணறுகளும் தெரிவதைக் குறித்து வைத்தார். 1930-களில் பேராசிரியர் ழுவோ துப்ருய் இங்கே கிடைத்த மணிகளையும் ஓடுகளையும் பார்த்துவிட்டு, ரோமானியர் தொடர்பு இருந்த இடம் இது என்றார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அதன் பின் கசால் 1947 முதலும், விமலா பெக்லி 1989 முதலும் தோண்டினார்கள். கிரேக்கக் கடலோடி ஒருவர் எழுதிய பயண நூலில் 'பொதுகே' என்று வரும் துறைமுகம் இதுவே என்பது பெரும்பாலோர் கருத்து.

அங்கே கிடைத்த ஓடுகளில் இரண்டு வகை எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று, இத்தாலியின் அரெட்ஸோ நகரத்துச் செந்நிறப் பளபளப்புத் தட்டுகளின் அடியில் இருக்கும் இலத்தீன் முத்திரை. 'கமூரி', 'விபியே', 'இட்டா' என்று அந்தக் குயவர்களின் பெயர்கள். இன்னொன்று, நம்மூர்ப் பானை ஓடுகளில் கூர்முனையால் கீறிய, தமிழ்-பிராமி என்னும் பண்டைத் தமிழ் எழுத்து. இத்தாலியக் குயவர், செய்தவன் பெயரை அச்சால் பதித்தார். இங்கே, பானையை வைத்திருந்தவர் தம் பெயரைக் கையால் கீறிக்கொண்டார்.

இந்த வேற்றுமை சிறியதில்லை. பட்டறையில் முத்திரை குத்த எழுத்து தெரிந்த ஒருவர் போதும். தன் சோற்றுப் பானையில் தானே பெயர் கீறுவதென்றால், எழுத்து அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள். அரசனின் ஆணையோ மதத்தின் மந்திரமோ தேவைப்படாத எழுத்து அது. கீழடி, கொடுமணல், பொருந்தல் என்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் இதே காட்சிதான். கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் இருக்கின்றன. கடல் தாண்டியும் இந்தப் பழக்கம் போனது. எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசைர் அல்-காதிமில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் கீறிய ஓடுகள் கிடைத்தன.

மதுரையை அடுத்த அழகர்மலைக் குகையில் துறவிகளுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களின் பெயர்களும் இதே வகை. உப்பு வணிகன், கொழு வணிகன் என்று தொழிலோடு தம் பெயரைச் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். உப்பு விற்றவரும் ஏர்க்கொழு விற்றவரும் கல்லில் பெயர் பொறித்த நாடு இது.

இந்த எழுத்துகளை மறுபடி படிக்கக் கற்றதே ஒரு நீண்ட கதை. பிராமி எழுத்தை மறந்து பல நூற்றாண்டுகள் ஆன பின், 1837-இல் கல்கத்தா நாணயச் சாலையில் பணிபுரிந்த ஜேம்ஸ் பிரின்செப் அதை மீட்டார். சாஞ்சித் தூபியின் வேலிக் கற்களில் சிறு சிறு பொறிப்புகள் பலவும் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கண்டு, 'இது இன்னாரின் கொடை' என்பதுதான் அந்த முடிவாக இருக்கும் என்று ஊகித்தார். அந்தச் சொல் 'தானம்'. பூட்டு திறந்துகொண்டது. ஆனால் தமிழ்நாட்டுக் குகைகளில் இருந்தவற்றை அந்தச் சாவியால் படித்தால் பொருள் குழம்பியது. 1882-இல் ராபர்ட் சுவெல் கவனித்த மாங்குளம் கல்வெட்டுகள் பல்லாண்டு புதிராகவே கிடந்தன. அவற்றின் மொழி தமிழ் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த ஐராவதம் மகாதேவன் 1960-களில் குகை குகையாக ஏறி இறங்கி, அந்த எழுத்துமுறையின் உள்விதியை விளக்கினார். அவருடைய பெருநூல் 2003-இல் வெளிவந்தது.

குழப்பத்தின் வேர் எங்கே இருந்தது என்று பார்த்தால், நம் முன்னோரின் கூர்மை தெரியும். பிராமி எழுத்தில் ஒவ்வொரு மெய்யெழுத்து வடிவத்துக்குள்ளும் 'அ' ஒளிந்திருக்கிறது. பிராகிருத மொழிக்கு அது பொருந்தும், ஏனெனில் அங்கே சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். தமிழில் அப்படி இல்லை. மகன், வேல், நாள், ஊர் என்று மெய்யிலேயே முடியும் சொற்கள் ஏராளம். 'மகன்' என்று எழுதினால் 'மகன' என்றல்லவா படிப்பார்கள்?

முதலில் கண்ட வழி: வெறும் வடிவத்தை மெய் என்று கொள்வது, 'அ' சேர்ந்தால் ஒரு சிறு கோடு இடுவது. ஆனால் பிராமியில் அந்தக் கோடு 'ஆ'வுக்கு உரியது. ஆகவே 'மகன்' என்ற சொல் வடநாட்டு முறையில் படிப்பவர் கண்ணுக்கு 'மாகான' என்று தெரிந்தது. மாங்குளத்தில் அறிஞர்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். பின்னர் கோட்டை 'ஆ'வுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவரிடமே விட்டார்கள். மூன்றாவதாக வந்தது புள்ளி. மெய்யின் தலையில் ஒரு பொட்டு, அவ்வளவுதான், சிக்கல் தீர்ந்தது. தொல்காப்பியம் மெய் புள்ளி பெறும் என்று விதியே வகுத்துவிட்டது. தமிழுக்குத் தேவைப்படாத வர்க்க எழுத்துகளை விட்டுவிட்டு, தேவைப்பட்ட ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குப் புதிய வடிவம் செய்துகொண்டது தொடக்கத்திலேயே நடந்தது. இரவல் வாங்கிய சட்டையைத் தம் உடம்புக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொண்டார்கள்.

இந்த எழுத்து தமிழகத்துக்கு எப்போது வந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அசோகர் காலத்துக்குப் பின், கி.மு. 3-2ஆம் நூற்றாண்டு என்பது மகாதேவனின் நிலை. பொருந்தல், கொடுமணல் அகழாய்வுகளை நடத்திய கா. ராஜன் அதை அசோகருக்கு முன்னே கொண்டுபோகிறார். கீழடியில் கிடைத்ததைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை தமிழ்நாடு தொல்லியல் துறை கொண்டுசெல்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் யார் முந்தி என்ற போட்டியை விட, பானையில் பெயர் கீறியவர்கள் யார் என்ற கேள்வியே பெரிதாகக் கவனிக்கத் தக்கது.

ஏனெனில் அடுத்து வந்த காலத்தில் எழுத்து உயர்ந்தது, ஆனால் கைகள் குறைந்தன. பாகூரில் இதற்குச் செப்பேடே சாட்சி. 1879-இல் வெளிச்சத்துக்கு வந்த பாகூர்ச் செப்பேடுகள், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, அதாவது 9ஆம் நூற்றாண்டு. பாகூரில் இயங்கிய வித்தியாஸ்தானம் என்னும் உயர்கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்டதை அவை சொல்கின்றன. ஒரு பகுதி வடமொழி, ஒரு பகுதி தமிழ். இன்று நெல்லும் கரும்பும் விளையும் ஏரிக்கரை ஊர், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி ஊர். மண்ணாடிப்பட்டுப் பக்கத்துத் திருபுவனையிலும் இப்படித்தான். முதலாம் ராஜாதிராஜ சோழன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அங்கே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்ததைக் கணக்காகத் தருகிறது.

பெருமைப்பட இடமுண்டு. கூடவே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சாலைகளில் கற்பிக்கப்பட்டவை வேதமும் சாத்திரமும். கற்றவர் ஒரு சிறு வட்டம். அந்த ஊர்களில் உழுதவரும் நெய்தவரும் மீன் பிடித்தவரும், அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றார்கள். அரிக்கமேட்டுப் பானைக்குச் சொந்தக்காரரின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதன் பின் ஆயிரம் ஆண்டுகளாக எழுத்து கிட்டியிருக்கும்?

ஓலைக் காலம் நீண்டது. பதப்படுத்திய பனை ஓலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியைத் தடவினால் எழுத்து துலங்கும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் எழுதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். புள்ளியால் காட்டிய எ-ஏ, ஒ-ஓ வேற்றுமையும் அதோடு மங்கியது. ஏட்டைப் படிப்பது என்பதே தனி வித்தையாயிற்று. இத்தாலியிலிருந்து வந்து தமிழில் ஊறிய வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் நெடில் எகர ஒகரங்களுக்குத் தனி அடையாளம் வகுத்தார். நாம் இன்று எழுதும் 'ஏ'யும் 'ஓ'வும் அந்த வழியில் வந்தவை. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் தென்னகமெங்கும் தேடித் திரட்டிய சைவ ஓலைச்சுவடிகள் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. அந்தத் தகுதி 2005-இல் கிடைத்தது.

அச்சு வந்தபோது தமிழ் முந்திக்கொண்டது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறியதில் அதுவே முதல் எனலாம். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கொள்ளைப் பொருளோடு ஓர் அச்சு இயந்திரமும் சென்னைக்குப் போனது. அந்த ஆண்டுதான் ஆனந்தரங்கப் பிள்ளை இறந்தார். 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு, புலவர் நடையில் இல்லாமல், அன்று புதுச்சேரிக் கடைத்தெருவில் பேசிய தமிழுக்கு மிக அருகில் இருக்கிறது. வாயில் இருந்த தமிழ் ஏட்டில் ஏறிய அரிய தருணம் அது. 1908-இல் பாரதியார் இங்கே வந்து 'இந்தியா' இதழை நடத்தியபோது, அச்செழுத்துக்கு அரசாங்கமே அஞ்சும் நிலை வந்திருந்தது.

எழுத்தை எளிதாக்கும் வேலை அதன் பின்னும் நின்றுவிடவில்லை. 1935 முதல் பெரியார் 'குடி அரசு' இதழில் கையாண்ட வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை' எழுதிப் பழகிய கைகள் இன்றும் நம் வீடுகளில் இருக்கின்றன. அதைவிடப் பெரிய வேலை 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. அறிவொளி இயக்கத்தில், வேலை முடிந்து வந்த பெண்கள் மாலை விளக்கடியில் உட்கார்ந்து தம் பெயரை எழுதிப் பழகினார்கள். நூற்றாண்டுகளாக எழுத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் முதலில் எழுதக் கேட்டதும் சொந்தப் பெயரைத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புதுச்சேரியில் எழுத்தறிவு 85 விழுக்காட்டைத் தாண்டியது.

இந்தக் கிராமங்களின் எழுத்து வரலாற்றை நமக்குத் தொகுத்துத் தந்ததில் பாகூர்க்காரர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. பாகூர் சு. குப்புசாமி ஊர் ஊராகப் போய்த் திரட்டிய கல்வெட்டுகள், கோ. விசயவேணுகோபாலின் அறிமுகத்தோடும் குறிப்புகளோடும் 'புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகள்' என 2006-இல் முதல் தொகுதியாக வந்தன. பாகூர் மூலநாதர் கோயிலின் சுவர்களில் நடந்தால் அவர் படித்த வரிகளில் பல இன்றும் கண்ணுக்குத் தெரியும். ஏரிக்கு மண் அள்ளிய ஏற்பாடு, விளக்குக்கு விட்ட ஆடு, நிலத்தின் எல்லை என்று அந்தச் சுவர்கள் ஊரின் கணக்குப் புத்தகமாகவே இருந்திருக்கின்றன.

படிக்கப்படாத கல் இன்னும் உண்டு. குடமுழுக்கு என்றால் சுவருக்குச் சுண்ணாம்பும் வண்ணமும் பூசுவதும், மணலைப் பீய்ச்சியடித்துக் கல்லை வெளுக்கச் செய்வதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அதில் ஆயிரம் ஆண்டு எழுத்து ஒரே நாளில் வழித்துப்போய்விடும். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கப் போகிறது என்றால், அதற்கு முன் அடிமட்டக் கற்களையும் படிக்கட்டுகளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். எழுத்து தென்பட்டால் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுத்துவிட்டால் அதில் உள்ள பெயர்கள் பிழைத்துக்கொள்ளும். அதுவரை பூச்சு வேலையை நிறுத்தி வைக்கும்படி திருப்பணிக் குழுவினரிடம் நீங்களே போய்க் கேளுங்கள்.